நாகலூர் எடைமேடையிலிருந்து ஒரு புகார்

புகார் ஒரே வரி:
“மிஷின் யோசிக்கிறது, மூட்டை நிற்கிறது.”
கையெழுத்து: சகாயராணி, எடையர், நாகலூர்.

அஸ்தம்பட்டி மூன்றாம் மாடியில்
அது யோசிக்கவே இல்லை.
என் மேசைக்கும் சர்வருக்கும் நடுவே
ஒரு சுவர், ஒரு தண்ணீர் கேன்,
அவ்வளவுதான் தூரம்.

பஸ் ஏறினேன்.
கொண்டை ஊசி வளைவுக்கொரு எண் எழுதிய பலகை.
பதினான்கில் ஒரு குழந்தை வாந்தி எடுத்தது.
இருபதில் என் காது அடைத்துக்கொண்டது.

சில்வர் ஓக் நிழலில் தகரக் கொட்டகை,
காப்பிப் பழ மூட்டைகளோடு பதினாறு பேர்.
தராசில் ஒரு மூட்டை ஏறியதும்
புரோகிராம் சேலத்துக்கு இறங்கிக் கதவைத் தட்டுகிறது.
நான் எழுதியது. அந்தப் பணிவும் நான் பழக்கியதே.

நாகலூர் வந்திருக்கிறேன், உள்ளே விடுவாயா?
வா.
தமிழ் எழுத்தில் பேசட்டுமா?
சரி.
கடிகாரம் இந்திய நேரம்.
சரி.
தேடவேண்டிய அலமாரி கொள்முதல்.
சரி.
அரை நிமிடத்துக்கு மேல் இழுத்தால் விட்டுவிடு.
சரி.
என் பெயர் எடைமேடை இரண்டு.
சரி.
படிக்க மட்டுமில்லை, எழுதவும் வேண்டும்.
சரி.

ஒரு சரி மேலே வந்து சேராமல்
அடுத்த கேள்வி கீழே இறங்காது.
மலையில் லைன் அடிக்கடி அறுந்துபோகும் என்று
மூட்டைக்கு ஒருமுறை
எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்கவைத்ததும் நான்தான்.
பனி மூடிவிட்டால் ஒரு சரிக்கு
முக்கால் விநாடி.
ஏழு தடவை இறங்கி, ஏழு தடவை ஏறி,
அதற்குப் பிறகுதான்
நாற்பத்திரண்டு கிலோ எழுநூறு.

பழைய பதிவுகளைப் புரட்டினேன்.
மூன்று வருடத்தில் இந்தக் கேள்விகளுக்கு
ஒரு ‘முடியாது’ வந்ததில்லை.
வராத ஒன்றுக்காக வாசலில் நின்றிருக்கிறேன்
மூட்டைக்கு ஆறு முறை.

கதவு திறக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.
மற்ற ஆறையும் ஒரே பொட்டலமாகக் கட்டி,
எடையையும் பின்னாலேயே அனுப்பினேன்.
திரை பளிச்சென்று ‘சரி’ என்றது.
சகாயராணி என்னை முதன்முறையாக நிமிர்ந்து பார்த்தார்.
டீ வாங்கித் தந்தார்கள்.

சாயங்காலச் சீட்டில் பதினைந்து பெயர்.
“எம்மூட்டை எங்க?” என்றார் பூங்காவனம்.
பதிந்தது என்றேன். திரையைக் காட்டினேன்.
“திரைய நான் சுமக்கல.”

டீ ஆறிப்போன பிறகு புரிந்தது:
மொத்தமாக அனுப்பத் தெரிந்த எனக்கு
மொத்தமாக வாங்கத் தெரியவில்லை.
ஆறு பதில் வரிசையில் நிற்க
முதலில் வந்ததைப் பிடித்து
எடைக்கான சம்மதம் என்று நம்பிவிட்டேன்.
பூங்காவனத்தின் மூட்டை
பாதி வழியில் லைனோடு அறுந்து விழுந்திருக்கிறது;
திரையில் மின்னியது
தமிழ் எழுத்துக்கு வந்த சரி.

மூட்டை அதற்குள் லாரி ஏறியிருந்தது.
சகாயராணியின் கைநோட்டில் எடை இருந்தது,
பென்சிலில்.
அவர் மிஷினை ஒருநாளும் நம்பியிருக்கவில்லை.

இரவு கொட்டகையிலேயே உட்கார்ந்தேன்.
அட்டை ஒன்றைக் குளிருக்குப் போர்த்திக்கொண்டு
திருத்தினேன்:
ஆறு அனுப்பினால் ஆறை எண்ணு.
நடுவில் ஒன்று ‘முடியாது’ என்றால்
அதற்குப் பின்னால் இருப்பதைத் தொடாதே,
பொட்டலத்தோடு திரும்பி வா.
ஏழாவது பதில் மட்டுமே மூட்டையின் பதில்.

காலையில் பனி இருந்தது. பூங்காவனம்
மூட்டையை ஏற்றிவிட்டுத் திரையைப் பார்க்கவில்லை,
சகாயராணியின் பென்சிலைப் பார்த்தார்.
இரண்டும் ஒரே எண் சொன்னபின்
சும்மாட்டை உதறிக்கொண்டு நடந்தார்.

போன வாரம் மறுபடி ஒரு புகார். இதுவும் ஒரு வரி:
“மிஷின் நிற்பதில்லை, என் கைதான் நிற்கிறது,
தராசுக்கு இன்னொரு ஆள் வேண்டும்.”

மேனேஜருக்கு அனுப்பியிருக்கிறேன்.
கூடவே பூங்காவனத்தின் அன்றைய கூலி,
கொட்டகைக்கு ஒரு பல்பு,
எல்லாம் ஒரே கடிதத்தில்.

ஒரு சரிகூட
இன்னும் வரவில்லை.